ஹரிணிக்குப் பதிலாப் பேசின ரூம்

சின்னு, இது சிரிப்புக் கதைடா. அக்கா சத்தியமா சொல்றேன், வயிறு வலிக்கும். ஆனா சிரிப்பு இப்ப வராது. நான் சொல்றப்பதான் சிரிக்கணும். போர்வையை இழுத்துக்கோ.

ஒரு ஊர்ல ஒரு வீடு. மூணு ரூம், மூணு பேர். ஒண்ணுல அப்பா தனபால், போனும் கையுமா. ஒண்ணுல அம்மா மேகலா, லேப்டாப்பும் மடியுமா. ஒண்ணுல பத்து வயசு ஹரிணி. மூணு கதவும் எப்பவும் சாத்தியே இருக்கும். சோறுகூட அவங்கவங்க தட்டு, அவங்கவங்க ரூம். பேசணும்னா கதவு வழியாத்தான். "சாப்டியாடி?" "ம்." "படிச்சியா?" "ம்." அவ்ளோதான் பேச்சு.

கேக்கறியா?

"ம்."

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், ஹரிணி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனா. போனதை யாரும் பாக்கல. அம்மா தன் ரூம்லேர்ந்தே, "ஹரிணி, பால் குடிச்சியா?"ன்னாங்க.

காலியா இருந்த ரூம்லேர்ந்து... "ம்."

யாருடா சொன்னது? உள்ள கட்டில் இருக்கு. கடிகாரம் டிக் டிக்னு ஓடுது. ஆளே இல்ல.

சிரிக்காத, சிரிக்கிற இடம் இன்னும் வரல.

அப்போ மேல காத்து அடிச்சுது. மடார்! மாடிக் கதவு சாத்திக்கிச்சு. உள்பக்கம் கொண்டி டொக்குனு விழுந்துச்சு. சடசடன்னு மழை. ஹரிணி தட்டறா, டம் டம் டம். "அம்மா! கதவைத் திற!"

அம்மா கேட்டாங்க, "ஹரிணி, மேல யாருடி கத்துறது?"

ரூம்லேர்ந்து ஹரிணி குரல், அச்சு அசலா: "பக்கத்து வீட்டுப் பசங்கம்மா."

அது சொல்லி முடிச்சதும், மேல ஹரிணிக்குத் தொண்டை கரகரன்னு அடைச்சுக்கிச்சு.

அப்புறம், "அப்பா!"ன்னு கத்தினா. பாதிக் குரல்தான் வந்துச்சு.

"குட்டிம்மா, கூப்டியா?"

"இல்லப்பா. நான் படிக்கிறேன்."

"சமத்து"ன்னுட்டு அப்பா திரும்பப் போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டார்.

மூணாவது தடவை வாயைத் திறந்தா, ஹ்ஹ்ஹ்... வெறும் காத்து. குரல் மொத்தமும் கீழ போயிருச்சுடா. இனிமே அவங்களா எழுந்து வந்து பாத்தாத்தான் உண்டு.

சின்னு? தூங்கிட்டியா?

"...ம்ஹூம்."

அப்போ அம்மாவுக்குத் தலை அரிச்சுது. சொறிஞ்சுக்கிட்டே, 'எனக்கே இப்படின்னா அவ தலை என்ன ஆகியிருக்கும்? பேன் பாத்து ரெண்டு மாசமாச்சே'ன்னு நினைச்சாங்க. பேன் சீப்பைத் தேடி எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்தாங்க.

"ஹரிணி, வாடி, பேன் பாக்கலாம்."

"சரிம்மா."

அம்மா அப்படியே நின்னுட்டாங்க. "இழுத்தா வலிக்கும்டி."

"பரவால்லம்மா."

"ஒரு மணி நேரம் ஆகும்."

"எவ்ளோ நேரமானாலும் உக்கார்றேம்மா."

இந்தத் தடவை குரல் கதவுக்குப் பின்னால இல்ல. அம்மா காதுக்குப் பக்கத்துல. ஹால்ல யாரும் இல்ல.

அப்பா உள்ளேர்ந்து, "பாரேன், பொண்ணு திருந்திட்டா!"

அம்மா முகம் வெளுத்துப் போச்சு. "ஏங்க... இது நம்ம பொண்ணு இல்லங்க. பேன் சீப்பைப் பாத்தாலே கட்டிலுக்கடியில போய்ப் பூந்துக்கறவ அவ. என்னிக்காவது சரின்னு சொல்லிருக்காளா?"

அப்பா போனைப் போட்டுட்டு ஓடி வந்து ஹரிணி ரூம் கதவைத் தள்ளினார். கிரீச். காலி. அப்போதான் மேலேர்ந்து டம்... டம்... ரெண்டு பேரும் தடதடன்னு படியேறினாங்க. பின்னாடியே அந்தக் குரல்: "போகாதீங்கம்மா. நான்தான் இங்க இருக்கேனே."

கொண்டியைத் தூக்கினாங்க. ஹரிணி நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி வெடவெடன்னு நிக்கறா. வாய் அசையுது, சத்தம் இல்ல. அம்மா கட்டிக்கக் கையை நீட்டினாங்க. கையில பேன் சீப்பு.

"ஐயய்யோ! வேணாம்மா! வலிக்கும்! நான் வரல போ!"

தெருவுக்கே கேக்குற கத்தல். அம்மா அழுதுக்கிட்டே சிரிக்கறாங்க. "இதான்டி எம்பொண்ணு!"

இப்பச் சிரிடா.

அப்புறம் மூணு பேரும் ஹால்ல ஒட்டி உக்காந்து, அப்பா டார்ச் அடிக்க, அம்மா பேன் பாக்க, ஹரிணி "ஆ, ஊ"ன்னு கத்த, அந்த ரூம் கதவு தானா சாத்திக்கப் பாத்துச்சு. கிரீச்... கிரீச்... அப்பா எழுந்து போய் அதுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துட்டு வந்தார்.

கதையும் கண்ணை மூடிக்கிச்சு. நீயும் மூடு.