ஸ்பூனுக்கு என்ன பேர்?

"இன்னும் எத்தனை வார்த்தைதான் படிக்கணும் டீச்சர்?"

வந்ததும் வராததுமாகத் தெய்வநாயகம் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஜுலைகா டீச்சர் டீக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்கு சார் கத்துறீங்க?"

"குழந்தை மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. இந்தத் தடவையும்."

திருச்சி பாலக்கரையில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது டீச்சரின் அறை. பல வருஷம் மாட்ரிட்டில் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவர், இங்கே ஸ்பானிஷ் சொல்லித் தருகிறார். தெய்வநாயகம் மின்வாரியத்தில் இன்ஜினியர். டீச்சரைவிட வயதில் நன்றாக மூத்தவர். பொழுது போகாமல் ஒன்றும் படிக்க வரவில்லை.

அவருடைய தங்கை வாசுகி அந்த நாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு வலென்சியாவில் இருந்தாள். ஒரு கார் விபத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்விட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு பெண் குழந்தை. மாயா. ஆறு வயசு. தமிழில் ஒரு சொல் தெரியாது. அங்கே குழந்தைகள் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மூடின வாயை அது இன்னும் யாரிடமும் திறக்கவில்லை.

தாய்மாமன் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் இவர் நினைத்தார். அந்த ஊர் ஜட்ஜுக்குத் தாய்மாமனாவது, சீராவது! குழந்தைக்குப் பிடித்தால் கூட்டிப் போகலாம். பிடிக்காவிட்டால் தத்தெடுக்க அங்கேயே ஒரு குடும்பம் தயாராக இருக்கிறது. வாரம் ஒரு தடவை கம்ப்யூட்டரில் பேசிப் பழகுங்கள் என்றார்கள். ஜட்ஜ் முடிவு சொல்வதற்கு முன்னால் இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

"என் தங்கச்சி பொண்ணு யார் வீட்லயோ வளரப்போவுது டீச்சர்."

"குழந்தைகிட்ட என்ன பேசினீங்க?"

"எல்லாம் சரியாத்தான் பேசினேன். உன் பேர் என்ன, எத்தனாவது படிக்கிறே, சாப்பிட்டியா, நல்லாப் படிக்கிறியா, பெரியவளாகி என்னவாகப் போறே. ஒரு தப்புக் கிடையாது. வேணும்னா இப்ப சொல்லிக் காட்டட்டுமா?"

என்னத்தைச் சொல்ல. கல்யாண வீட்டில் ஒரு குழந்தை சிக்கினால் நம் ஊர் மாமன்கள் மடக்கி மடக்கிக் கேட்கிற அத்தனை கேள்வியையும், தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் சுத்தமான ஸ்பானிஷில் கேட்டிருக்கிறார் மனுஷர்.

"அதுக்கு மாயா?"

"நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துடுச்சு. கடைசிவரைக்கும் முதுகைத்தான் பார்த்தேன்."

டீச்சர் டம்ளரில் கிடந்த ஸ்பூனை எடுத்தார். அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன சார்?"

"குச்சாரா." பட்டென்று வந்தது பதில்.

"நோ. ஓத்ரா பெஸ்."

இல்லை, இன்னொரு தடவை என்று அர்த்தம். டீச்சர் ஓயாமல் சொல்வது அதைத்தான். அதைக் கேட்டாலே தெய்வநாயகத்துக்குக் காது சிவக்கும்.

"லா குச்சாரா."

"நோ. ஓத்ரா பெஸ்."

"அட, சரியாத்தானேங்க சொன்னேன்!"

"ஓத்ரா பெஸ்."

இது சின்ன ஸ்பூன், இது டீ கலக்குகிற ஸ்பூன், இது எவர்சில்வர் ஸ்பூன் என்று தெரிந்த ஸ்பானிஷையெல்லாம் கொட்டினார். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

மறுநாளும் அதே ஸ்பூன். அதற்கடுத்த நாளும். அங்கே நாள் நெருங்குகிறது, இங்கே இந்த அம்மாள் ஸ்பூனை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"விளையாடறீங்களா டீச்சர்? இங்க ஒரு குழந்தையோட வாழ்க்கை போயிட்டிருக்கு!"

"சார், ஊர்ல கரண்ட் போனா உங்களுக்குத்தானே போன் வரும்?"

"ஆமா. ராத்திரி பகல்னு பார்க்க மாட்டாங்க."

"ஏன் போச்சுன்னு கேட்டா?"

"சொல்லுவேன். தெரியாதுன்னு இன்னைக்குவரை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை."

"தெரியாதப்பவும்?"

"அப்ப டிரான்ஸ்ஃபார்மர்ல பிரச்சனைன்னு சொல்லிடுவேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்பூனை மறுபடி உயர்த்தினார்.

"இது என்ன சார்?"

தெய்வநாயகம் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கீழே தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"தெரியாதும்மா! எனக்கு ஒரு எழவும் தெரியாது! நோ சே! போதுமா? நோ சே!"

தெரியாது என்பதற்கு ஸ்பானிஷில் நோ சே. முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது. அவர் வாயில் இன்றைக்குத்தான் வந்தது.

டீச்சர் ஸ்பூனை அவர் கையில் கொடுத்தார்.

"டீ ஆறுது. கலக்கிக் குடிங்க."

அவ்வளவுதான் அன்றைய வகுப்பு.

கடைசித் தடவை பேசுகிற நாள் வந்தது. தனியாகப் பேசத் தைரியம் இல்லை. டீச்சர் அறையிலேயே உட்கார்ந்தார். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார், நெற்றியில் விபூதி. புதுக் கேள்விகள் ஒரு டஜன் மனப்பாடம். டீச்சர் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, கேமராவில் தெரியாதபடி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

ஸ்கிரீனில் இல்லத்து அதிகாரி இசபெல் தெரிந்தார். அவருக்குப் பின்னால், அறையின் அந்தக் கோடியில், சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்ட நாற்காலி. நாற்காலிக்கு மேலே கொஞ்சம் சுருட்டை முடி. வாசுகியின் முடி.

அதைப் பார்த்ததும் தெய்வநாயகத்துக்குப் படித்ததெல்லாம் போய்விட்டது.

"ஓலா, மாயா" என்றார். "கோமோ எஸ்தாஸ்?"

எப்படி இருக்கே என்று கேட்டார். முடி அசையவில்லை.

இன்னொரு தடவை கேட்டார். அதே கதைதான்.

இசபெல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெதுவாக என்னவோ சொன்னார்.

"குழந்தையைப் படுத்த வேண்டாம், இத்தோட முடிச்சுக்கலாம்னு சொல்றாங்க" என்றார் டீச்சர் தணிந்த குரலில்.

"ஐயோ, இருங்க! ஒரே நிமிஷம்!" தமிழில்தான் கத்தினார். கை பட்டு டீ டம்ளர் சாய்ந்தது. ஸ்பூன் தரையில் விழுந்து கிணுங்கென்று உருண்டது.

குனிந்து எடுத்தார். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அதைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"மாயா... எஸ்தோ... எஸ்தோ..."

இது, இது என்கிறார். இதற்கு என்ன பேர்? வாரம் முழுக்கச் சொன்ன பேர், நாக்கில் இல்லை. நெஞ்சில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நோ சே" என்றார். குரல் உடைந்துவிட்டது. "நோ சே, மாயா."

சுருட்டை முடி அசைந்தது.

நாற்காலியின் முதுகுக்கு மேலே ஒரு கண் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. இவ்வளவு பெரிய மீசை வைத்த ஆள். ஒரு ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

"குச்சாரா."

சின்னக் குரல். வெகு நாளாய்ப் பேசாத குரல். இசபெல் எழுந்துவிட்டார், வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"குசாரா" என்றார் தெய்வநாயகம். பதற்றத்தில் நாக்கு திருச்சியைத் தாண்டவில்லை.

மாயா தலையை ஆட்டினாள்.

"நோ. ஓத்ரா பெஸ்."

"குச்சரா."

"நோ." இப்போது முழு முகமும் தெரிந்தது. "ஓத்ரா பெஸ்."

"குச்சாரா."

மாயா யோசித்தாள். ஒருவாறு பரவாயில்லை என்பதுபோல உதட்டைச் சுழித்தாள். பிறகு குனிந்து, காலிலிருந்த ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டினாள்.

"இ எஸ்தோ?"

அப்போ இது?

தெய்வநாயகத்துக்குத் தெரியும். முதல் வாரத்திலேயே படித்த வார்த்தை. சபாத்தோ. நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. சொன்னால் ஒரு நொடி. இந்த மாமனுக்கு எல்லாம் தெரியும் என்று அந்த இசபெல் அம்மாளுக்கும் காட்டிவிடலாம்.

ஓரத்தில் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், கொட்டிய டீயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகம் வந்த வார்த்தையை விழுங்கினார்.

"நோ சே" என்றார்.

மாயா ஒரு கையில் ஷூவைப் பிடித்தபடி எழுந்தாள். மறு கையால் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினாள். தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டுவந்து, ஸ்கிரீனுக்கு வெகு கிட்டத்தில் போட்டு உட்கார்ந்தாள்.