கூர்மை பார்த்த மூன்று பேர்

வாயில் இருப்பதை முழுங்கிவிட்டுக் கேளுங்கள் பிள்ளைகளா. மலைக்கு அந்தப் பக்கம், தாடி வளர்ப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒரு ராஜா இருந்தார். பெயர் கோதண்டவர்மர். அவருக்கும் ஒரு கல்யாணம் கூடி வந்தது. "தாடியோடு வந்தால் மாலை போட மாட்டேன்" என்று பெண் சொல்லியனுப்பிவிட்டாள்.

முகூர்த்தத்தன்று காலையில் நாவிதர் முத்திருளனைக் கூட்டி வந்தார்கள். கூடவே ஓர் ஆணையும் வந்தது. ராஜாவின் கன்னத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் நாவிதரின் கட்டைவிரல் போய்விடும். எவ்வளவு இரக்கம் பாருங்கள், ஒரே ஒரு விரல்தான்!

முத்திருளன் தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்தார். சவரக்கத்தியைப் படுக்க வைத்து முன்னும் பின்னும் இழுத்தார். முடியைத் தொட்டால் முடி விழுகிற பதம் வந்தது.

"நில்!" என்றார் மந்திரி. "ராஜாவின் தாடை விஷயம். சோதிக்காமல் விடலாமா?" கத்தியை வாங்கி யானை கட்டும் வடத்தை அறுத்துப் பார்த்தார். கத்தி மழுங்கியது. "கூர்மை போதாது!" என்றார். எப்பேர்ப்பட்ட மூளை!

முத்திருளன் மறுபடி தீட்டினார். தளபதி வாங்கித் தன் கேடயத்தில் கீறிப் பார்த்தார். "கூர்மை போதாது!"

இன்னொரு தரம் தீட்டினார். அரண்மனை வைத்தியர் வாங்கிச் சுக்கு நறுக்கிப் பார்த்தார். "கூர்மை போதாது!"

வாசலில் மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மழுங்கின கத்தி கன்னத்தைக் கீறினால் விரல் போகும். மழிக்காமல் கல்யாணம் நின்றாலும் விரல் போகும். முத்திருளன் நாலாம் தரம் தீட்டினார். மூன்று பேரும் கையை நீட்டினார்கள். அவர் கொடுக்கவில்லை.

"மகாராஜா, இது முடி எடுக்கிற கத்தி. முடியிலதான் சோதிக்கணும். நம்ம மந்திரி ஐயா மீசை நல்லா அடர்த்தியா இருக்குங்க."

"என்னது, என் மீசையா?"

"உங்க முகத்துக்கு ஆகாத கத்தி மகாராஜா முகத்துக்கு ஆகுமா சாமி?"

ராஜா தாடியைத் தடவினார். "உட்காரும். மூன்று பேரும்."

மூன்று மீசையும் போயின. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பிறகு கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துப் பதமாக்கினார். ராஜாவின் தாடியும் வழவழவென்று இறங்கியது. மாலை விழுந்தது, முத்திருளனின் விரலும் தப்பியது.

பந்தியில் பெண்வீட்டுச் சமையல்காரர் மீசையில்லாத அந்த மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஏ தம்பிங்களா, சும்மா நிக்கிறதுக்கு ஆளுக்கொரு வரிசையா இலை போடுங்கப்பா!"

போட்டார்கள்.

இதனால் அறிவது என்னவென்றால், தனக்குத் தெரியாத வேலையைச் சோதிக்க வருகிறவர் முதலில் தன் முகத்தைக் கொடுக்கட்டும்.