செவலைக் குட்டி தூங்கப் பழகின கதை

ஒரு ஊரு இருந்துச்சு, ஊருக்கு வெளிய ஒரு கண்மாய் இருந்துச்சு, கண்மாய்க்கு இந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டு ரெண்டு பேரு இருந்தாங்க. புருஷன் பேரு சடையன், பொஞ்சாதி பேரு காத்தாயி. கிடைன்னா தெரியும்ல? ராத்திரி வயல்ல ஆட்டையெல்லாம் கூட்டி அடைச்சுப் போடுறது. அது போடுற புழுக்கை வயலுக்கு உரம். ஆடு பூரா ஊர்க்காரங்க ஆடு, மேய்க்கிறது மட்டும்தான் இவங்க. உம் கொட்டணும், கொட்டலைன்னா நிப்பாட்டிருவேன்.

அவங்க வச்சிருந்த கிழட்டு நாயைப் பாம்பு கடிச்சுப் போட்டுருச்சு. நாயில்லாத கிடையில நரி பூந்துராதா? அதனால சடையன் பக்கத்து ஊருக்குப் போயி ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்தான். செவப்பா இருந்துச்சா, செவலைன்னு பேரு வச்சாங்க. பொழுது சாயுற வரைக்கும் நல்லா ஓடுச்சு, ஆடுச்சு. இருட்டுனதும் ஆரம்பிச்சுது பாரு, "ஊ... ஊ..."ன்னு ஒரே அழுகை.

கிடை போட்டிருந்த வயலுக்குச் சொந்தக்காரரு மாசானம், ஊருக்குத் தலைவரு, பெரியதனம்னு சொல்லுவாங்க. வேட்டி வெள்ளை, பேச்சு வெல்லம். வந்தாரு, குட்டியைப் பார்த்தாரு, "ஏப்பா சடையா, கிடை நாயைப் பக்கத்துல படுக்க வைக்கலாமா? மனுச வாசம் பட்டா காவலுக்கு ஆகாதுப்பா. கடைசி வரப்புல கொண்டுபோயி தனியாக் கட்டு" அப்படின்னாரு. சடையனுக்கு யாரு என்ன சொன்னாலும் சரிதான். கொண்டுபோயிக் கட்டுனான். அது விடிய விடிய அழுதுச்சு. ரெண்டு பேரும் காதுல துணியை அடைச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. காலையில எண்ணிப் பார்த்தா ஒரு ஆட்டைக் காணோம்.

ரெண்டாம் நாளு மாசானம் வந்தாரு. "வயிறு நெறைஞ்சிருந்தா தெம்பாத்தான் அழும். வயித்தைக் காயப்போடு, அலுத்துத் தூங்கிரும்" அப்படின்னாரு. சோறு வைக்கலை. பசியோட சேர்த்து இன்னும் சத்தமா அழுதுச்சு. காலையில இன்னொரு ஆட்டைக் காணோம்.

மூணாம் நாளும் வந்தாரு. "அழும்போதெல்லாம் போயி அதட்டு, பயந்து அடங்கிரும்" அப்படின்னாரு. சடையன் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடி, "ஏய், வாயை மூடு"ன்னு அதட்டுனான். குட்டி என்ன நெனைச்சுது தெரியுமா? அழுதா ஆளு வருதுன்னு நெனைச்சுது. அவன் திரும்புன உடனே மறுபடி ஊ! இவன் அந்த வரப்புல அதட்டிக்கிட்டு இருக்க, இந்தப் பக்கம் மூணாவது ஆடும் போச்சு.

இப்ப ஊரு கூடிருச்சு. "நரி தின்னா எலும்பு கெடக்கும், ரத்தம் கெடக்கும். ஒண்ணையும் காணோமே, நீங்களே வித்துத் தின்னீங்களா?"ன்னு ஒருத்தரு கேட்டுட்டாரு. காத்தாயிக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. பொறந்ததுல இருந்து ஆட்டோட கெடக்குறவ, அவளைப் போயி திருடின்னா தாங்குவாளா? "இன்னும் ஒரு ஆடு போனா கிடையைக் கலைச்சிருவோம். ஆளுக்கு ஆளு ஆட்டைப் பிரிச்சு ஓட்டிட்டுப் போயிருவோம். நீங்களும் ஊரை விட்டுப் போயிரணும். அந்த ராசி கெட்ட குட்டியைக் காட்டுல விட்டுருங்க" அப்படின்னு சொல்லிட்டாங்க. உடனே மாசானம், "ஐயோ பாவம், வாயில்லாச் சீவன், அது இருந்துட்டுப் போவட்டும்" அப்படின்னாரு. எம்புட்டு இரக்கம் பார்த்தீங்களா அந்த மனுசனுக்கு! இருங்க, இருங்க, வரேன்.

சடையன், "இன்னைக்கே கொண்டுபோயி விட்டுட்டு வந்துர்றேன்"ன்னான். "நாலு நாளு பொறு"ன்னா காத்தாயி. என்ன செய்யுறதுன்னு அவளுக்கும் தெரியலை. ஆனா வேலை நிக்குமா? தாய் செத்த ஆட்டுக்குட்டி ஒண்ணு இருந்துச்சு, அதை வேற ஆட்டுக்கிட்ட ஊட்ட விடணும். எப்படி விடுவாங்கன்னா, அந்த ஆட்டுப் பாலையே பீச்சி, குட்டி முதுகுல தடவி விடுவாங்க. ஆடு மோந்து பார்க்கும், நம்ம வாசந்தான்னு நெனைச்சு நின்னு குடுத்துரும். அப்படித் தடவிக்கிட்டே இருக்கும்போது அவளுக்குப் பொறி தட்டுச்சு. "அடப்பாவி மனுசா! ஆட்டுக்குட்டிக்கு இம்புட்டுப் பாக்குறோம். அந்த நாய்க்குட்டியத் தாய்கிட்ட இருந்து வெறுங்கையோட தூக்கிட்டு வந்தியே, தாய் வாசத்தோட ஒரு துணி எடுத்துட்டு வந்தியா?" "நாய்க்கு எதுக்குடி துணி?"ன்னான் சடையன். கேக்குறான் பாரு கேள்வி.

அவ பக்கத்து ஊருக்கு நடந்தே போனா. தாய் நாயி படுத்திருந்த கோணிச்சாக்கைக் கேட்டு வாங்கிட்டு வந்தா. ஆட்டுக்குட்டி மேல கவுத்து அடைக்கிற பெரிய கூடை இருக்குல்ல, கொடாப்புன்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள சாக்கை விரிச்சா. சாயங்காலம் ஆட்டுக்குட்டிகளோட நல்லா ஓட விட்டா. பொழுது இருக்கையிலேயே பால்சோறு வச்சா. அப்புறம் உள்ள விட்டா. செவலை சாக்கை மோந்து மோந்து பார்த்துச்சு, மூணு சுத்து சுத்துச்சு, படுத்துருச்சு.

மொத நாளு கொடாப்பைத் தலைமாட்டுலேயே வச்சுக்கிட்டா. நடுச்சாமத்துல முனகுச்சு. கொஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை, ஒரு வார்த்தை பேசாமத் தூக்கிட்டுப் போயி ஒண்ணுக்கு விட்டு, திரும்பக் கொண்டாந்து படுக்க வச்சா. ரெண்டாம் நாளு கொடாப்பை நாலு முழம் தள்ளி வச்சா. ஒரு தடவைதான் முனகுச்சு. மூணாம் நாளு ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவுல கொண்டுபோயி வச்சா. படுத்தது படுத்தபடி கோழி கூவுற வரைக்கும் தூங்குச்சு. நீங்க என்னைக்காவது அப்படித் தூங்கியிருக்கீங்களா?

ஆட்டைத் தூக்குனது நரி இல்லை, ஒரு திருடன். இந்த மூணு நாளும் அவன் வரலை. ஊரு கொதிச்சுக் கெடக்கு, சூடு ஆறட்டும்னு இருந்துட்டான். நாலாம் நாளு வந்தான். வந்து பார்த்தா ஒரு சத்தம் இல்லை. காலை எடுத்து வச்சா சருகு நொறுங்குறது ஊருக்கே கேக்குது. குட்டி அழுதாத்தானே அந்தச் சத்தத்துல ஆட்டைப் பிடிக்க முடியும்? கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு இருந்தான், அழலை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான், அழலை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான், அப்புறம் கடைசி வரப்புப் புதருக்குள்ள உக்காந்துக்கிட்டு, அவனே "ஊ... ஊ..."ன்னு அழ ஆரம்பிச்சுட்டான்!

சடையன் பொரண்டு படுத்தான். "அடியே, உன் சாக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம், மறுபடி அழுவுது பாரு"ன்னான். காத்தாயி எந்திரிச்சுப் போயி, கொடாப்பைத் தூக்கி ஒதுக்கி வச்சுட்டுப் பார்த்தா. செவலை சாக்குல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு நல்லாத் தூங்குது. அவ திரும்பி வந்து புருஷன் தோளை உலுக்கி, மெதுவாக் கேட்டா, "ஏங்க, குட்டி இங்க தூங்குது. அப்ப அங்க அழுவுறது யாரு?"

அதுக்குள்ள செவலைக்கே முழிப்பு வந்துருச்சு. காதைத் தூக்குச்சு. "லொள்!"ன்னு ஒரு குரைப்பு. அதுதான் அது பொறந்து குரைச்ச மொதக் குரைப்பு. குரைச்சுக்கிட்டே புதருக்குள்ள பாஞ்சு வேட்டியைக் கவ்விக்கிச்சு. வெள்ளை வேட்டி! சடையன் தீவட்டியைக் கொண்டுவந்து காட்டுனா, யாரு? பெரியதனம் மாசானம், கையில கயித்தோட முழிக்கிறாரு.

சடையன் அப்பாவிதானே, "என்னங்க பெரியதனம், நீங்க ஏன் அழுவுறீங்க?"ன்னு கேட்டான். காத்தாயி சொன்னா, "பச்சப்புள்ளை, தனியா இருக்கப் பயந்துருச்சு போல. விடுய்யா, நாம படுக்க வைப்போம்." ரெண்டு பேருமா அவரைப் பிடிச்சுக் கொடாப்பைத் தூக்கி மேல கவுத்து, பெரிய கல்லு ஒண்ணைத் தூக்கி மேல வச்சுட்டாங்க. "அழுதா வந்து அதட்டுவேன், சோறும் கெடையாது"ன்னா காத்தாயி. அவரு சொல்லிக் குடுத்ததுதானே!

விடிஞ்சதும் ஊரே வந்து பார்த்துச்சு. அவரு தொழுவத்துல வைக்கப்போருக்குப் பின்னாடி மூணு ஆடும் கட்டிக் கெடந்துச்சு. "நீங்களே வித்தீங்களா"ன்னு கேட்ட மனுசன் காத்தாயிகிட்ட வந்து, "தப்பாப் பேசிட்டேன் தாயி"ன்னு தலையைத் தொங்கப் போட்டாரு. மாசானத்தோட பெரியதனம் அன்னைக்கோட போச்சு. அதுக்கப்புறம் அவரு தெருவுல நடந்தா, சின்னப் பயலுவ எல்லாம் சுவத்துக்குப் பின்னாடி நின்னு "ஊ... ஊ..."ன்னாங்களாம்.

செவலை வளந்து பெரிய நாயாச்சு. சும்மா ஒரு நாளும் குரைக்காது. அதனால அது குரைச்சா ஊரே எந்திரிக்கும். அந்தச் சாக்கு கிழிஞ்சு நாராப் போற வரைக்கும் அது மேலதான் படுத்துச்சாம்.

போன ஆடு வீடு வந்துச்சு, பொய்யா அழுதவன் கூடைக்குள்ள போனான், நெசமா அழுத குட்டி தூங்கிப் போச்சு. நீங்களும் தூங்குங்க. ஒண்ணுக்கு வந்தா மட்டும் எழுப்புங்க.