அண்ணாச்சியின் கிரானைட் தரை

கோவில்பட்டியில் பேக்கரி வைத்திருந்த தங்கமாரியப்ப அண்ணாச்சிக்கு சாமி இரண்டு. ஒன்று சுவரில் படமாக இருந்தது, இன்னொன்று தரையில் கிரானைட்டாகக் கிடந்தது. வாசற்படி முதல் பின்சுவர் வரை ஒரு பிடி மண் தெரியாது. 'செருப்போடு வரக் கூடாது' என்று பலகை வேறு. அடுப்படியில் நிற்கும் ரொட்டி மாஸ்டரும் வெறுங்கால்தான்.

பெரிய கரண்ட் அடுப்பு வாங்கினார். பழைய சிங்கிள் பேஸ் லைன் அதைத் தாங்காது என்று, த்ரீ பேஸுக்கு மாற்ற வந்தான் வயர்மேனின் கையாள் மூக்காண்டி.

"எர்த்துக்குக் குழி தோண்டணும் அண்ணாச்சி."

"என் கல்லுல கை வச்சே, ஒடிச்சிருவேன். குழியில்லாம எர்த் போடுலே. சாயங்காலம் புது அடுப்புக்குத் திறப்பு விழா."

"அதுக்கென்ன, போட்டுருவோம்."

சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மூக்காண்டி எர்த் கம்பியின் நுனியைப் பணிவாக அண்ணாச்சியிடம் நீட்டினான்.

"காலடியில ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு, இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அடுப்பு ஓடுற வரைக்கும் விடக் கூடாது."

"நான் எதுக்குலே?"

"கசியுற கரண்ட் எப்படியும் பூமிக்குப் போகும் அண்ணாச்சி. குழி இல்லைன்னா வெறுங்காலோட நிக்கிற ஆள் வழியாத்தான் போகும். மாஸ்டர் வழியாப் போறதைவிட முதலாளி வழியாப் போனாத்தானே கடைக்குக் கௌரவம்!"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி இரண்டடி பின்வாங்கி, "கடப்பாரை எங்கலே?" என்றார். முதல் கல்லை அவரே பெயர்த்தார்.

மறுநாள் வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'செருப்பில்லாமல் வரக் கூடாது.'