ஒற்றைக் கடுக்கன்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் அல்லியூர் நாட்டை வசந்தபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டதெல்லாம் பகலில்தான். இருட்டிவிட்டால் அவரை ஆண்டது அவருடைய மூன்று வயது மகன் பூவேந்தன். ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவில் குறுக்காகப் படுத்து, அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்வான். அப்பாவுக்கு மிஞ்சியது முதுகும் குதிகாலும்தான்.

அந்தச் சபையில் அம்பலவாணர் என்றொரு பிரதானி இருந்தார். சபையில் கால் வைத்ததுமே அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். எல்லாம் ராஜாவின் வலப்பக்கத்து ஆசனத்தால் வந்த வினை. அதில் மந்திரி உலகப்பர் உட்கார்ந்திருப்பார். அவர் காதோடு ஏதோ சொல்வார், ராஜா அந்தப் பக்கம் சாய்ந்து தொடையைத் தட்டிச் சிரிப்பார். இடப்பக்கம் இருக்கும் அம்பலவாணருக்கு ராஜாவின் முதுகுதான் தெரியும். 'அப்படி என்னத்தைச் சொல்லித் தொலைக்கிறானோ!' என்று பொருமுவார் மனுஷன்.

அம்பலவாணர் இடது காதில் மட்டும்தான் கடுக்கன் போடுவார். வலது காது மொட்டை. யாராவது கேட்டால், "குலதெய்வத்துக்கு வேண்டுதல்" என்பார். சுத்தப் பொய்! அவருடைய நாலு வயது மகள் கோதை அவர் நெஞ்சின்மேல் படுத்து, அந்தக் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். கல் விரலில் குத்துகிறது என்று ஒருநாள் அழுதாள். அன்றைக்குக் கழற்றியது. இது அவர் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒருநாள் ராஜா வீங்கிய கண்ணோடு சபைக்கு வந்தார்.

"எந்த எதிரியின் வேலை, மகாராஜா?" என்று பதறினார் உலகப்பர்.

"கட்டிலிலேயே படுத்திருக்கிற எதிரி! பாட்டு அவனுக்கு, போர்வை அவனுக்கு, ராணி அவனுக்கு. எனக்குக் குதிகால்! பெற்றவர்கள் கட்டிலில் பிள்ளை படுக்கலாமா, கூடாதா? இப்போதே சொல்லுங்கள்."

"பச்சைப் பிள்ளை, மகாராஜா. பயம் தெளிந்ததும் தானே தனியாகப் படுப்பான். நாமாக விரட்ட வேண்டாம்" என்றார் உலகப்பர்.

ராஜாவின் முகம் சுருங்கியது. அம்பலவாணர் அதைக் கவனித்துவிட்டார். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானே!

"கூடவே கூடாது, பிரபு!" என்று குதித்து எழுந்தார். "இன்று கட்டிலில் அம்மாவைத் தேடுகிறவன் நாளை சிம்மாசனத்திலும் தேடுவான். என் மகளுக்குப் பிறந்த அன்றிலிருந்து தனி அறை, தனிக் கட்டில். ஒரு சிணுங்கல் உண்டா? கிடையாது!" என்று வாய் கூசாமல் அளந்தார்.

"பேஷ்! இன்று மாலையே இளவரசன் தனி மாளிகைக்குப் போகட்டும். வலப்பக்கத்து ஆசனம் இனி உமக்கு. உலகப்பரே, நீர் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்காரும்" என்றார் ராஜா.

திரைக்குப் பின்னால் ராணி விசும்புவது கேட்டது. அம்பலவாணருக்கு அது காதிலேயே விழவில்லை. ஓடிப்போய் வலப்பக்கத்து ஆசனத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உலகப்பர் அவருடைய இரண்டு காதுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "போகிறேன், மகாராஜா. ஆனால் இளவரசருக்குத் தனியாகப் படுத்துப் பழக்கமில்லையே. பிரதானியாரின் மகளை அழைத்துவந்து இங்கே படுக்கவைத்தால், பார்த்துக் கற்றுக்கொள்வார். சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகள் கண்ணயரும் நேரம்தானே இது?"

"ஐயோ, அவள் கூச்சப்படுவாள்!" என்றார் அம்பலவாணர். அவர் சொல்லி முடிப்பதற்குள் பல்லக்கு கிளம்பிவிட்டது.

சபை நடுவில் பட்டு மெத்தை விரித்தார்கள். வீணைக்காரர் நீலாம்பரி வாசித்தார். ராணி இளவரசனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரையோரம் வந்து நின்றாள். கோதை வந்தாள். மெத்தையைச் சுற்றி வந்தாள், ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள். அப்புறம் நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, காது குடு."

"அங்கே படு, கண்ணு. சமத்தில்லையா நீ?" அம்பலவாணர் மெத்தையைக் கை காட்டினார்.

"தெனமும் குடுப்பியே! இன்னிக்கு மட்டும் ஏன் மாட்டேங்கற?"

சபை கொல்லென்று சிரித்தது. கோதைக்கு அதைப் பற்றி என்ன கவலை? அப்பா மேல் ஏறிச் சாய்ந்து, மொட்டைக் காதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இளவரசனுக்குப் பொறுக்கவில்லை. அம்மா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்து, "எனக்கும் காது!" என்று ராஜாவின் மடியில் ஏறினான். குண்டலம் குத்தியதும் முகம் சுளித்தான். ராஜா அவசர அவசரமாக அதைக் கழற்றினார். சற்று நேரத்தில் அவன் தூங்கிப்போனான்.

"உலகப்பரே, இங்கே பாரும். என் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் ராஜா. அவர் கண் கலங்கியிருந்தது. "தனி மாளிகையாவது, மண்ணாவது! இந்தக் குண்டலத்தை நீரே வைத்துக்கொள்ளும். இனி எனக்கு ஒன்று போதும். அம்பலவாணரே, பொய் சொன்னதற்கு நீர்தான் தூணுக்குப் பின்னால் போக வேண்டும். இப்போது எழுந்திருக்காதேயும், குழந்தை முழித்துக்கொள்ளும்."

அம்பலவாணர் கூனிக் குறுகிப்போனார். அவமானத்தைவிட, உலகப்பர் கையில் மின்னிய குண்டலம்தான் அதிகம் எரித்தது. 'இதுவும் அவனுக்கா!' என்று முறைத்துப் பார்த்தார்.

உலகப்பரோ குண்டலத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோதையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளையில்லை என்பது ஊரறிந்த சங்கதி.

"எங்கள் அப்பாவும் எனக்காக ஒற்றைக் கடுக்கன்தான் போட்டிருந்தார்" என்று அம்பலவாணர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "அதனால் உம்மை ஒற்றைக் கடுக்கனோடு பார்த்த அன்றைக்கே புரிந்துவிட்டது. அந்த மொட்டைக் காதைப் பார்த்து நான் எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கிறேன் தெரியுமா, ஓய்? எங்கள் வீட்டுக் கட்டிலில் இடம் நிறையக் கிடக்கிறது."

அம்பலவாணர் குண்டலத்தை விட்டுவிட்டு உலகப்பரின் முகத்தைப் பார்த்தார். தூக்கத்தில் புரண்ட கோதை, காலைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் போட்டாள். அந்தச் சபையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்கு வயிறு எரியாமல் இருந்தது.