தடித்த எழுத்துக்குக் கால் வந்த விதம்

எழுத்துகளுக்கு வாய் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. மில் ஊர் ஒன்றில், சூசை என்பவரின் அச்சகத்தில், ஈய எழுத்துகள் மரப்பெட்டியில் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தன. ஓயாமல் உழைத்துத் தேய்ந்தவை உண்டு. 'ஔ' போல வேலைக்கே கூப்பிடப்படாமல் பளபளவென்று இருந்தவையும் உண்டு. எந்த ஊரில்தான் இல்லை?

ஒரு மாலை, மில் தொழிலாளி குருவம்மாள் நோட்டீசைக் கசக்கிப் பிடித்தபடி வந்தாள்.

"அண்ணாச்சி, பாய்லர் விரிசல் விட்டிருக்கு, உள்ள போகாதீங்கன்னு அச்சடிச்சு வாசல் சுவர்ல ஒட்டினோம். ஒருத்தரும் படிக்கல. நின்னா காவல்காரன் தடியால அடிக்கான். நடந்துக்கிட்டே பாத்தா உங்க எழுத்து எறும்பு ஊருற மாதிரி இருக்கு. பட்டினி போட்டா வளக்கீங்க?"

"இருக்கிறது இதுதானே, தாயி."

"வாயால சொன்னவங்களப் பிடிச்சு அடைச்சிட்டாங்க. எங்க வீட்டுக்காரரே, 'எல்லாரும் போனா நானும் போகணும்லா'ங்காரு. நாளைக்குக் காலையில எத்தனை உசிரு போகப்போகுதோ!"

பெட்டிக்குள்ளிருந்து 'நி' பேசியது. "அண்ணாச்சி, என்னையும் தங்கச்சி 'ல்'லையும் சுத்தியலால அடிச்சுப் பெரிசாக்குங்க. 'நில்'னு சொன்னாப் போதுமே."

"நமக்கெதுக்கு வம்பு?" என்றது 'ஔ'.

"நீ தூங்கு, சீமாட்டி," என்றது 'ல்'.

சூசை தயங்கினார். "அடிச்சா அடிச்சதுதான். பழைய உருவம் வராது. உங்க அறைக்குள்ள நுழைய முடியாது. கதையோ கடிதாசியோ, எதுலயும் கூட்டத்தோட சேர்ந்து நிக்க முடியாது."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு அச்சுக் கோக்கும் மேசைக் கல்லில் ஏறிப் படுத்தன.

சூசை நெட்டுக்கோடுகளில் ஓங்கி அடித்தார். அவை பருத்தன. பிதுங்கிய ஈயம் மேலும் கீழும் குறுங்கால்களாக நீண்டது. இணைப்புக் கோடுகளில் அடி விழுந்தால் உடம்பே முறிந்துவிடும் என்று அவற்றைத் தொடவில்லை. அவை மயிரிழையாகவே இருந்தன. இரண்டும் அழவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அழுதன. அடி வாங்கினால் யாரும் அழுவார்கள்.

மறுநாள் சங்கு ஊதியபோது, வந்தவர்களுக்கு மில் வாசல் சுவரில் ஒட்டியிருந்தது தெருமுனையிலேயே தெரிந்தது: நில். முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் முட்டி நின்றார்கள். குருவம்மாளின் கணவனும் நின்றான். ஒருவனை அடிக்கலாம், ஊரையே அடிக்கத் தடி போதவில்லை. கொஞ்ச நேரத்தில் பாய்லர் வெடித்துக் கூரை பறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

அக்காளும் தங்கையும் வீடு திரும்பினார்கள். அறை கொள்ளவில்லை. வெளியே நின்ற அவர்களிடம் சின்ன எழுத்துகள் சொல்லின: "நீங்க மேல நின்னு கூப்பிடுங்க. காரணத்த நாங்க கீழ நின்னு சொல்லுதோம்."

பிறகு ஆபத்து வந்தபோதெல்லாம் ஒவ்வோர் எழுத்தாகக் கல்லில் ஏறிப் படுத்தது, கடைசியில் 'ஔ'கூட. முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அதே எழுத்துகளைப் பிடித்துச் சோப்பு விற்க வைத்தார்கள், தங்கள் பிறந்தநாளைக் கொண்டாட வைத்தார்கள். எழுத்துகளைக் கோபித்துப் பயனில்லை. வேறு வேலைக்கு அந்த உடம்பு இனி ஒத்துவராது.

அந்தக் கல்லில் படுத்து எழுந்த நாள் முதல்தான் தடித்த எழுத்துக்கு உடம்பு பருத்தும், குறுங்கால் முளைத்தும், இணைப்புக் கோடு மெலிந்தும் இருக்கிறது. அதனால்தான் அது நாலு சொல்லுக்கு மேல் பேசாமல், எல்லோருக்கும் மேலே, தனியாக நிற்கிறது.