அந்தப் பக்கம் இருக்கட்டும்

"ஊர்ல செத்தவங்களையெல்லாம் படத்துக்குள்ள கொண்டுவந்து நிறுத்துன ஆளு நான். என் பொண்டாட்டியை மட்டும் நிறுத்த முடியல. ஒரு வழி சொல்லும்மா."

மாசிலாமணி இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றது ஆமினாவின் வீட்டு வாசலில். அவருக்கு அறுபது நெருங்குகிறது. அவளுக்கு முப்பது தாண்டியிருந்தால் அதிகம்.

வேதாரண்யம் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாசிலாமணி ஸ்டுடியோதான். ஆமினாவோ, கோடிக்கரைச் சதுப்பில் முட்டியளவு சேற்றில் நின்று பறவைகளைப் படமெடுக்கிறவள்.

அவள் படங்களைப் பார்த்து ஊர் கேட்கச் சிரித்தவர்தான் இந்த மனுஷர். "ஓரத்துல துளியூண்டு குருவி. மீதியெல்லாம் வெறும் வானம். ஃபிரேமுக்குத்தான் கேடு!" என்பார். இன்றைக்கு அந்த வாய்தான் வழி கேட்டு நிற்கிறது.

"உள்ள வாங்கண்ணே. என்ன ஆச்சு?"

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மகள் மங்கையின் நிச்சயதார்த்தப் படம். மங்கைக்குப் பக்கத்தில் அவள் அம்மா வேதவல்லி, பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

வேதவல்லி போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தவள். நிச்சயதார்த்தம் நடந்தது தை மாதம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இல்லாமல் போன அப்பாவோ அம்மாவோ கல்யாண ஆல்பத்தில் இருந்தாக வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். பழைய படத்திலிருந்து முகத்தை வெட்டி, கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுப்பார்கள். அந்த வேலையில் மாசிலாமணியை அடிக்க அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

ஆமினா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணி முகத்தை எதுலேருந்து எடுத்தீங்க?"

"ஓட்டர் ஐடியிலேருந்து."

"அட ஆண்டவனே! போட்டோக்காரர் வீட்டுல வேற படமே இல்லையா?"

"கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள்ள ஓடிடுவா. 'என் மூஞ்சியெல்லாம் படத்துல விழாதுங்க, போய் வேலையைப் பாருங்க'ம்பா. நானும் ஊர்க் கல்யாணம் ஊர்க் கல்யாணம்னு அலைஞ்சேன். அப்புறம் எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"புடவையை மாத்தினேன். சிரிக்க வச்சேன். நிறத்தைக் கூட்டினேன், குறைச்சேன். மங்கை பாத்துட்டு, 'இது அம்மா இல்லப்பா'ன்னு கதறிட்டா. நகை கேக்கல, நட்டு கேக்கல. கல்யாணப் படத்துலயாச்சும் அம்மா இருக்கணும்னு அது ஒண்ணைத்தான் கேக்குறா. வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நான் என்ன பண்ணுவேன்?"

ஆமினா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில சதுப்புக்கு வாங்க. கேமராவோட."

"ஒட்டுற வேலைக்குச் சதுப்பு எதுக்கும்மா?"

அவள் டீ போட எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தபோது தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் பால் வெளுப்பு. தூரத்தில் ஒற்றைப் பூநாரை நின்றது.

"அதை எடுங்கண்ணே."

மாசிலாமணி பெரிய லென்ஸை மாட்டினார். பறவையை ஃபிரேம் முழுக்க நிரப்பி, அலகு முதல் கால் வரை பளிச்சென்று எடுத்தார். பின்னே, சும்மாவா? இடைவெளி என்றாலே அவருக்கு ஆகாது. "ஒட்டி நில்லுங்க! கேப் விடாதீங்க!" என்று அவர் மேடையில் போடுகிற சத்தம் பந்தி வரைக்கும் கேட்கும்.

ஆமினா வாங்கிப் பார்த்தாள்.

"இது என்னண்ணே?"

"பூநாரை."

"வேற?"

"வேற என்ன இருக்கு?"

அவள் நின்ற இடத்திலிருந்தே தன் கேமராவில் ஒன்று எடுத்து, அவர் கையில் கொடுத்தாள்.

படத்தின் வலது மூலையில், கீழே, அந்தப் பறவை. இடது பக்கம் பார்த்தபடி நின்றது. மீதி இடம் முழுக்க ஒன்றுமே இல்லை.

மாசிலாமணி கேலி பேசத்தான் வாயெடுத்தார். கேலி மறந்துபோனது. பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. கேமராவைத் திருப்பிக் கொடுக்கவும் தோன்றவில்லை.

"பாவம்," என்றார் கடைசியில். "இதோட ஜோடி எங்க போச்சு?"

ஆமினா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜோடி இருந்துச்சுன்னு யாருண்ணே சொன்னது?"

மாசிலாமணி கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். படத்தைப் பார்த்தார். சதுப்பைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நான் அங்க எதையும் ஒட்டலண்ணே," என்றாள் அவள்.

சேற்றில் நின்றபடியே அவர் கைகூப்பினார். அவளுக்கா, அந்த வெளுப்புக்கா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை. தாலி ஏறியது. குடும்பப் படத்துக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மாசிலாமணி எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சோடிச்ச மேடை அங்க இருக்கு. இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள்.

சொந்தபந்தம் மொத்தத்தையும் வலது ஓரத்தில் நிறுத்தினார். மாப்பிள்ளைக்கு அப்புறம் கடைசியாக மங்கை. அவளைத் தாண்டி வெறும் மாடி, வெறும் வானம்.

"சம்பந்தி! பொண்ணு பக்கம் பாதி மாடி காலியாக் கெடக்கே. யாராவது போய் நில்லுங்கப்பா!" என்று சத்தம் போட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

மங்கையின் அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"அக்கா, வேணாம்," என்றார் மாசிலாமணி. "அந்தப் பக்கம் இருக்கட்டும்."

அத்தை தம்பியைப் பார்த்தாள். மங்கையைப் பார்த்தாள். மங்கைக்குப் பக்கத்திலிருந்த அந்த இடத்தைப் பார்த்தாள். வழியில் வருகிறவருக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி, சத்தமில்லாமல் பின்னால் போனாள்.

மங்கை மெல்ல அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மாசிலாமணி எடுத்தார்.

மறுவீட்டுக்கு வந்த மகளிடம் படத்தைக் கொடுத்துவிட்டு, சுவரோடு சுவராக நின்றார்.

மங்கை நெடுநேரம் பார்த்தாள். அந்த வெள்ளை வானத்தை விரலால் தடவினாள்.

"அப்பா," என்றாள். "அம்மா படத்துல நல்லா விழுந்திருக்காங்கப்பா."